யூத சமயத்திற் சேர்ந்தோரும் அவரை ஏற்ற முறையும்

யூதர் பிறரைத் தம் சமயத்துக்கு அழைப்பதில்லை என்பது பெருவழக்காய் நிலவும் ஒரு கருத்து. கிறித்தவமும் இசுலாமும் கடல் கடந்து சென்று தம்மைப் பரப்பிய சமயங்கள். அவ்விரண்டுக்கும் மூத்ததான யூத சமயமோ ஒரு குலத்தாரின் தனியுடைமை. அக்குலத்திற் பிறந்தோர்க்கன்றிப் பிறர்க்கு அதில் இடமில்லை என்பர். இக்கருத்திற் பாதி உண்மை, பாதி பிழை. யூதராய்ப் பிறவாத அரசரும் துறவிகளும் அடிமைகளும் உழவரும் அச்சமயத்தைத் தழுவியுள்ளனர். அவருட் சிலர் அதன்பொருட்டு உயிரையும் இழந்தனர். அவர்களை மகிழ்ந்து வரவேற்றோரும் உளர். வாயிலில் நிறுத்தி வினாவினோரும் உளர். முற்றாக மறுத்தோரும் உளர். இவர்கள் யாவரும் தத்தம் கொள்கைக்கு ஒரே மறைநூலையே ஆதாரமாகக் காட்டினர் என்பது இவ்வரலாற்றை ஆராய்வார்க்கு வியப்பளிப்பதாகும்.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. யூதம் என்பது ஒரு சமயத்தின் பெயர். அதுவே ஒரு மக்களினத்தின் பெயருமாகும். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்போரை முன்னோராகக் கொண்டு, எகிப்திய அடிமைத்தனத்தினின்றும் மீண்ட நினைவைத் தன் வழிபாட்டின் நடுவே வைத்துப் போற்றுவது அச்சமயம். அதிற் புதிதாகச் சேர்ந்தவன் அவர்களுடைய கடவுளை ஏற்கலாம்; கட்டளைகளைக் கைக்கொள்ளலாம். ஆனால் 'எம் முன்னோர்' என்று வாயாற் சொல்ல அவனுக்கு உரிமை உண்டா? பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வினாவே நெடுங்காலமாக யூத அறிஞரை இருவேறு நெறிப்படுத்தி வந்தது.

எபிரேய மறைநூலில் 'கேர்' என்னும் சொல் பன்முறை வருகின்றது. வேற்று நாட்டிலிருந்து வந்து இஸ்ரவேலர் நடுவே தங்கி வாழ்பவனையே அது முதலிற் குறித்தது. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் அதனைச் சிலவிடத்து அந்நியன் என்றும் சிலவிடத்துப் பரதேசி என்றும் வழங்கினர். அவனை ஒடுக்கலாகாது என்னும் எச்சரிக்கை தோராவில் 36 இடங்களில் உண்டென்றும், அன்று, 46 இடங்களில் உண்டென்றும் தல்மூத் ஆசிரியர் எண்ணிக் கூறினர். பிற்காலத்தில் இச்சொல்லே சமயத்திற் சேர்ந்தவனைக் குறிப்பதாயிற்று. எனவே ஏதிலானைப் பேணுமாறு பணித்த பழைய விதிகள் யாவும் புதிதாய்ச் சேர்ந்தவனைக் காக்கும் விதிகளாயின.

ஆயினும் அதே மறைநூலிற் கடுமையான பகுதிகளும் உள. மோவாபியர் கடவுளின் சபையிற் சேரலாகாது என உபாகமம் விதிக்கின்றது. கி.மு. 5 ஆம் நூற்றாண்டில் பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வந்த எஸ்றா, வேற்றினப் பெண்களை மணந்திருந்த யூதரை அப்பெண்களையும் அவர் பெற்ற பிள்ளைகளையும் அகற்றிவிடுமாறு செய்தான். சேர்த்துக்கொள்ளுதல் பற்றிய பேச்சே ஆங்கில்லை. ஆனால் ரூத் என்னும் பெண்ணின் கதையோ, மோவாபியப் பெண்ணொருத்தி கணவனை இழந்த பின்னும் மாமியைப் பிரியாது பெத்லகேமுக்கு வந்து, அவள் மக்களையும் அவள் கடவுளையும் தன்னவராக ஏற்ற வரலாறு. தாவீது மன்னன் அவளுடைய கொட்பேரனாவான். பின்வந்த ரபிமார் இம்முரணைத் தீர்த்த முறை குறிப்பிடத்தக்கது: மோவாபியர் பற்றிய தடை ஆடவரை மாத்திரமே குறிக்கும் என்று அவர் பொருள் கொண்டனர். அவ்வாறு கொள்ளாதுவிடின் தாவீதின் அரசுரிமையே ஐயத்துக்கிடமாய்விடும்.

சமயத்திற் சேர்த்தல் எப்போதும் விருப்பத்தால் நிகழ்ந்ததுமன்று. கி.மு. 134 முதல் 104 வரை ஆண்ட அஸ்மோனிய அரசன் யோவான் இர்க்கானு, தெற்கேயுள்ள இதுமேயரை வென்று, விருத்தசேதனம் செய்து யூத விதிகளைக் கைக்கொண்டாற்றான் அவர் தம் நாட்டில் இருக்கலாம் எனக் கட்டளையிட்டான் என்று யோசீபஸ் எழுதுகின்றார். பலவந்தத்தின் பயன் சில தலைமுறைக்குள் வெளிப்பட்டது. அவ்வாறு சேர்க்கப்பட்ட இதுமேயர் வழிவந்த ஏரோது கி.மு. 37 இல் எருசலேமில் அரசனாகி, இர்க்கானுவின் மரபினரையே அழித்தான். அவன் முழு யூதனல்லன், பாதி யூதனே என்று அவனுடைய பகைவர் இகழ்ந்தனர். தம் முன்னோரே வாளை நீட்டிச் சேர்த்த ஒரு குடியை, மூன்று தலைமுறை கழிந்த பின்னும் அவர்கள் தம்மவராய் எண்ணவில்லை.

உரோமப் பேரரசின் முற்காலத்தில் இவ்வாயில் மிக அகலத் திறந்திருந்தது. யூதர் ஊர்தோறும் சென்று பிரசாரஞ் செய்தனரா அன்றித் தம்மை நாடி வந்தோரை ஏற்றனரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் வந்தோர் பலர். தமிழ் வேதாகமம் அவர்களை 'யூதமார்க்கத்தமைந்தவர்' எனக் குறிக்கும். முற்றாகச் சேராது, ஜெபாலயத்துக்கு வந்து யூதரின் கடவுளை வணங்கி, விருத்தசேதனம் முதலியவற்றைத் தவிர்த்து நின்றோரும் இருந்தனர். அவர்களைக் 'கடவுளுக்கு அஞ்சுவோர்' என்றனர். துருக்கியில் உள்ள அப்ரோதீசியாஸ் என்னும் பழைய நகரில் 1976 இல் கண்டெடுக்கப்பட்ட கிரேக்கக் கல்வெட்டொன்று இவ்விரு வகுப்பாரையும் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டுகின்றது. முழுமையாகச் சேர்ந்தோர் மூவர். அஞ்சுவோர் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர். அவருள் ஒன்பதின்மர் நகரசபை உறுப்பினர். ஊர்ப் பெரியோர் ஜெபாலயத்தின் வாயில்வரை வருவதற்கு நாணவில்லை என்பதும், உள்ளே புகுந்தோர் மிகச் சிலரே என்பதும் இதனாற் பெறப்படும்.

உள்ளே புகுதல் அத்துணை எளிதன்று. கி.பி. 19 இல் திபேரியுப் பேரரசன் யூதரை உரோம நகரினின்றும் வெளியேற்றினான். உயர்குலப் பெண்ணொருத்தி யூத சமயத்தைத் தழுவி எருசலேம் ஆலயத்துக்கு அனுப்பிய பொன்னையும் இரத்தாம்பரத்தையும் நால்வர் கையாடியமையே அதற்குக் காரணம் என்பர் யோசீபஸ். ஆடவர் 4,000 பேர் சார்தீனியத் தீவுக்குப் படைத்தொழிலின்பொருட்டு அனுப்பப்பட்டனர். நால்வர் செய்த களவுக்கு நாலாயிரவர் தண்டனை பெற்றனர்.

இக்காலத்து வரலாறுகளுள் விரிவாக நோக்கத்தக்கது அதியாபேனே அரச குடும்பத்தின் கதை. அதியாபேனே என்பது தைகிரிசு ஆற்றுக்குக் கிழக்கே, பார்த்தியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த ஒரு சிற்றரசு. அதன் தலைநகராகிய அர்பேலாவே இன்று ஈராக்கில் எர்பில் என வழங்குவது. அந்நாட்டு இளவரசன் இசாத்தேசை அவனுடைய தந்தை, மற்றைப் பிள்ளைகளின் பொறாமைக்கு அஞ்சி, பாரசீகக் குடாவின் தலைப்பிலிருந்த காராக்ஸ் நகரத்து அரசனிடம் அனுப்பி வைத்தான். அங்கே அனனியா என்னும் யூத வணிகன் அரண்மனைப் பெண்களுக்குத் தன் சமய நெறியைக் கற்பித்து வந்தான். இளவரசனும் அவனிடம் பாடங் கேட்டான். அக்காலத்திலேயே, ஊரில் இருந்த தாய் எலேனாவும் வேறொரு யூதனின் போதனையால் அந்நெறியை மேற்கொண்டிருந்தாள். ஒருவர் செய்ததை மற்றவர் அறியார்.

தந்தை இறந்தபின் இசாத்தேஸ் அரசனானான். விருத்தசேதனம் செய்யாதவரையில் தான் முழு யூதனாதல் இல்லை என எண்ணி அதற்கு ஆயத்தமானான். தாய் தடுத்தாள், குடிகள் அந்நிய வழக்கத்தைக் கைக்கொண்ட அரசனைப் பொறார் என்றாள். வியப்பாவது யாதெனில், அனனியாவும் தடுத்தமையே. சடங்கின்றியே கடவுளை வழிபடலாம், உள்ளத்தின் உறுதியே பெரிது, இக்கட்டான நிலையில் செய்யாது விட்ட குறையைக் கடவுள் பொறுப்பார் என்று அவன் கூறினான். செய்தி வெளிப்பட்டால் அரசனைக் கெடுத்தவன் தானே எனத் தன்மேற் பழி வரும் என்றும் அவன் அஞ்சினான் என யோசீபஸ் மறையாது எழுதுகின்றார். அரசன் சிலகாலம் அமைந்திருந்தான்.

பின்னர்க் கலிலேயாவிலிருந்து எலெயாசார் என்பவன் வந்தான். முன்னோர் விதிகளிற் கண்டிப்பானவன் எனப் பெயர் பெற்றவன் அவன். அரசன் மோசேயின் நூலை வாசித்துக்கொண்டிருக்கக் கண்டு, வாசித்தல் மாத்திரம் போதாது, அதில் விதித்ததைச் செய்தல் வேண்டும் எனக் கடிந்தான். அரசன் அப்பொழுதே வேறோர் அறைக்குச் சென்று மருத்துவனை அழைப்பித்துச் சடங்கை முடித்தான். அதன்பின் தாய்க்கும் அனனியாவுக்கும் சொல்லியனுப்பினான். அவர்கள் நடுங்கினர், ஆயினும் அரசு கவிழவில்லை. பிரபுக்கள் அயல் அரசரைத் தூண்டிப் படையெடுப்பித்தபோதும் இசாத்தேஸ் தப்பினான்.

அனனியாவை இளகிய நெஞ்சினன் என்றும் எலெயாசாரைக் கடுமையானவன் என்றும் கொள்ளுதல் எளிது. ஆனால் ஆழ நோக்குவார்க்கு அது தலைகீழாகவும் தோன்றும். அனனியா அரசனை வாயிலின் புறத்தே நிறுத்தினான். எலெயாசாரோ உள்ளே அழைத்தான். கண்டிப்பானவனே இங்கு வரவேற்றவன். இவ்விருவர் குரலும் பிற்கால வரலாறெங்கும் மீண்டும் மீண்டும் கேட்கின்றன.

சேர்ந்தோர் தம் பங்கைச் செய்தனரா என்பதற்கு இக்குடும்பமே சான்று. கி.பி. 40 களின் பிற்பகுதியில் யூதேயாவிற் பஞ்சம் நிகழ்ந்தபோது, எருசலேமில் இருந்த எலேனா அலெக்சாந்திரியாவிலிருந்து தானியமும் சைப்பிரசுத் தீவிலிருந்து உலர்ந்த அத்திப்பழமும் வாங்குவித்து மக்களுக்கு அளித்தாள். ஆலய வாயிலுக்கு அவள் கொடுத்த பொன் விளக்கை மிஷ்னா நினைவுகூர்கின்றது. 66 இல் உரோமருக்கெதிராகப் போர் மூண்டபோது அதியாபேனே அரசனின் உறவினர் யூதர் பக்கம் நின்று பொருதனர். நகர் வீழ்ந்தபின் இசாத்தேசின் மைந்தரும் உறவினரும் பிணையாக உரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எலேனாவும் இசாத்தேசும் எருசலேமின் புறத்தே அடக்கஞ் செய்யப்பட்டனர். 'அரசர் கல்லறை' என இன்று காட்டப்படுவது அவ்விடமே என்பர் ஆராய்ச்சியாளர்.

கி.பி. 70 இல் ஆலயமும், 132 முதல் 135 வரை நிகழ்ந்த பார் கொக்பாவின் கிளர்ச்சியோடு நாடும் யூதர் கையினின்றும் நீங்கின. இனி அரசும் படையும் அவர்க்கில்லை. நூலும் மரபுமே எஞ்சின. சேர வருவோனை ஏற்கும் முறை இக்காலத்தவரின் சொல்லால் வரையறுக்கப்பட்டது. அம்முறை தல்மூத்தின் யெபாமோத் என்னும் பகுதியில் உள்ளது. வந்தவனை நோக்கி, இஸ்ரவேலர் இக்காலத்தில் ஒடுக்கப்பட்டுத் துன்புறுகின்றனர் என்பதை அறியாயோ, எதன்பொருட்டு வந்தனை என வினாவ வேண்டும். அறிவேன், அதற்கும் நான் தகுதியற்றவன் என அவன் விடை கூறின் அப்பொழுதே அவனை ஏற்றல் வேண்டும். எளிய கட்டளை சிலவற்றையும் கடிய கட்டளை சிலவற்றையும் அவனுக்கு உணர்த்த வேண்டும். ஆனால் மிகுதியாகச் சொல்லி அச்சுறுத்தலாகாது. ஆடவனாயின் விருத்தசேதனமும், இருபாலார்க்கும் நீரில் மூழ்குதலும் உரியன. மூழ்கி எழுந்தபின் அவன் எல்லா வகையாலும் இஸ்ரவேலனே.

இம்முறையிற் கடுமையும் கனிவும் கலந்துள்ளன. வாயிற்காவலன் உரத்துக் கேட்கின்றான். ஆனால் கதவைச் சாத்திவிடவில்லை. ஷம்மாய், ஹில்லேல் என்னும் இரு பேராசிரியரைப் பற்றி வழங்கும் கதையும் இத்தகையதே. ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்துக்குள் தோரா முழுவதையும் கற்பித்தாற் சேர்வேன் என்று வந்த ஒருவனை ஷம்மாய் கையிலிருந்த அளவுகோலாற் புறத்தே தள்ளினார். ஹில்லேலோ ஒரு வாக்கியத்தில் விடை கூறி, மற்றவற்றைப் போய்க் கற்றுக்கொள் என்று ஏற்றார். கதையைத் தொகுத்தோர் எவர்பால் சாய்ந்தனர் என்பதைக் கற்போர் எளிதில் உணர்வர்.

எனினும் எதிர்க்குரல் அடங்கவில்லை. சேர்ந்தோர் இஸ்ரவேலருக்குத் தோல் நோய் போன்றவர் என ரபி எல்போ கூறியது தல்மூத்திற் பலவிடத்தும் எடுத்தாளப்படுகின்றது. அதே தல்மூத்தில், இஸ்ரவேலர் நாடுதோறும் சிதறடிக்கப்பட்டது சேர்வோரின் தொகை பெருகுதற்பொருட்டே என்று ரபி எலெயாசார் கூறியதும் உண்டு. எல்போவின் சொல்லுக்குப் பிற்காலத்தார் கண்ட உரைகள் சுவையானவை. சேர்ந்தோர் கட்டளைகளைச் செவ்வனே அறியாமையால் மற்றோரும் அவரைக் கண்டு தவறுவர் என்றார் ராசி. சமயத்திற் சேர்ந்தவராகிய ஆபிரகாம் என்னும் ரபியோ அதனைப் புரட்டிப் போட்டார்: சேர்ந்தோர் கட்டளைகளை மிக நுணுகிக் கைக்கொள்வர், அதனாற் பிறப்பால் யூதராயினோரின் சோர்வு வெளிப்பட்டு அவருக்குப் பழியாகின்றது, நோய் என்றது அதனையே. வசையையே புகழாக்கிய இவ்வுரை, தன்னைப் பற்றிய பழிச்சொல்லைத் தன் கையாலேயே கற்றுத் தெளிய வேண்டியிருந்த ஒருவரின் உரை.

இனி, வாயிலை அடைத்தவர் யாவர் என்பதை நோக்குமிடத்து, யூதரினும் பிறரே முற்பட்டு நிற்கின்றனர். அந்தோனினு பியு என்னும் உரோமப் பேரரசன் யூதர் தம் புதல்வர்க்கு மாத்திரம் விருத்தசேதனம் செய்யலாம் என விதித்தான். பிறர்க்குச் செய்தல் கடுந்தண்டத்துக்குரிய குற்றமாயிற்று. கிறித்தவம் அரச சமயமான பின் தண்டனைகள் மேலும் கடியவாயின. 339 இல் வெளிவந்த சட்டம், அடிமைக்கு விருத்தசேதனம் செய்த யூதனுக்கு மரணம் விதித்தது. 438 இல் இரண்டாம் தியோதோசியு, பிறரை யூத சமயத்துக்கு மாற்றுவோனுக்கு மரணமும் பொருட்பறிமுதலும் விதித்தான். இசுலாமிய நாடுகளில் யூதர் தம் சமயத்தோடு வாழ உரிமை பெற்றனர். பிறரைத் தம்பாற் சேர்க்கும் உரிமை பெறவில்லை. தென் அரேபியாவில் இம்யார் அரசர் 4 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் யூத நெறியின்பாற் சென்றமையும், அவருட் பிந்தியவனாகிய யூசுப் 523 இல் நஜ்ரான் கிறித்தவரைக் கொன்றமையும் இங்கு ஒருங்கே குறிப்பிடத்தக்கன. ஆட்சி கைக்கு வந்த ஞான்று புதிதாய்ச் சேர்ந்தோரும் பிறரை ஒடுக்கினர் என்பதை மறைத்தல் ஆகாது.

ஐரோப்பாவில் இடைக்காலத்திலும் யூதராகும் துணிவு சிலர்க்கு இருந்தது. 1222 இல் ஆக்ஸ்போட்டில், யூத சமயத்திற் சேர்ந்த கிறித்தவக் குருவொருவன் எரிக்கப்பட்டான். தென் இத்தாலியில் ஒப்பிதோ என்னும் ஊரிற் பிறந்த யோவான்னஸ் என்பவன் 1102 இல் யூதனாகி ஒபதியா எனப் பெயர் பூண்டு கீழைநாடு சென்றான். அவன் எழுதிய தன்வரலாற்றின் துண்டுகளும், எபிரேயப் பாடல்களுக்கு அவன் இசைக்குறி இட்ட ஏடுகளும் கெய்ரோவின் பழைய ஜெபாலய ஏட்டறையிற் கிடைத்தன. எபிரேய இசைக்கு எழுத்தில் உள்ள மிகப் பழைய சான்று அவையே. பிறப்பால் யூதனல்லாதவன் கையாற் கிடைத்த சான்று அது.

இன்னும் ஒரு ஒபதியா உளன். அவன் வேறு, அவனைப் பற்றி அறியக் கிடப்பது மைமோனிதீஸ் அவனுக்கு விடுத்த மடல்களே. மைமோனிதீஸ் 1138 இல் ஸ்பெயினிற் பிறந்து, எகிப்தில் வாழ்ந்து, 1204 இல் மறைந்த பேரறிஞர், மருத்துவர், யூத நீதி முழுவதையும் ஒரே நூலில் வகுத்தமைத்தவர். அவரிடம் ஒபதியா கேட்டது இக்கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய அவ்வினாவே. வழிபாட்டில் 'எம் முன்னோரின் கடவுள்' என்று நான் சொல்லலாமா? எம்மை எகிப்தினின்றும் மீட்டாய் என்று சொல்லலாமா? என் முன்னோர் அங்கிருந்தவரல்லரே!

வினா வீணானதன்று. சேர்ந்தவன் தனித்து வழிபடும்போது 'இஸ்ரவேலரின் முன்னோர்' என்றும், ஜெபாலயத்தில் மற்றோருடன் கூடி வழிபடும்போது 'உங்கள் முன்னோர்' என்றும் சொல்லக்கடவன் என்று மிஷ்னாவில் விதி இருந்தது. நாள்தோறும், அனைவரும் கேட்க, தான் வேறானவன் என்று தன் நாவாற் சொல்லவேண்டிய நிலை அது. அவ்விதியை மறுத்து எருசலேம் தல்மூத்திலே ரபி யூதா கூறிய கருத்தும் இருந்தது. மைமோனிதீஸ் அம்மறுப்பையே தழுவினார். யாவற்றையும் விதித்தபடியே சொல்க, ஒன்றையும் மாற்றற்க என்றார். ஆபிரகாம் தன் கொள்கையை ஏற்கும் யாவர்க்கும் தந்தை. எனவே அவன் உன் தந்தையுமாவான். எகிப்தினின்றும் மீண்டமையை மாத்திரம் நீ விரும்பின் மாற்றிச் சொல்லலாம்; மாற்றாது சொல்லினும் குற்றமில்லை. இறுதியில், எம் குலத்தை ஆபிரகாம் முதலியோரிடம் தொடுத்துக் கூறுகின்றோம், உன் குலமோ உலகைப் படைத்தவனிடமே தொடுக்கப்படுகின்றது என்னும் கருத்துப்பட எழுதித் தேற்றினார்.

மற்றொரு மடலும் உண்டு. முசுலிம்கள் விக்கிரக வழிபாட்டினரல்லர் என்று ஒபதியா சொல்ல, அவனுடைய ஆசிரியர் வெகுண்டு அவனை மூடன் என இகழ்ந்தார். மைமோனிதீஸ் ஒபதியாவின் கூற்றே சரியெனத் தீர்த்து, அவ்வாசிரியரைக் கடுமையாகக் கண்டித்தார். தந்தையையும் பிறந்த நாட்டையும் துறந்து வந்தவனை இகழ்தல் பெரும் பாவம். அவன் மனத்தை நோகச் செய்த ஆசிரியர் அவனிடம் மன்னிப்பு வேண்டல் வேண்டும் என்பது அவர் முடிபு. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அம்மடலை ஒருமுறை படித்தல் நன்று.

இதற்கு மாறான கொள்கையை அதே ஸ்பெயின் நாட்டிற் பிறந்த கவிஞர் யூதா அலேவி 1140 ஐ ஒட்டி எழுதிய 'குசாரி' என்னும் நூலிற் காணலாம். கசார் நாட்டு அரசன் யூத சமயத்தைத் தழுவியதைக் கதையாகக் கொண்டது அந்நூல். கசார் மன்னர் அச்சமயத்தை ஏற்றமைக்கு, 837/838 ஆம் ஆண்டுக் குறிப்போடு மோசேயின் பெயர் பொறித்து வெளிவந்த நாணயங்களும் சான்றாகக் காட்டப்படும். ஆயினும் சேர்ந்தவன் நன்மையிற் பங்கு பெறுவான், பிறந்தவனுக்கு ஒப்பாகான், தீர்க்கதரிசனம் பிறந்தவர்க்கே உரியது என்று அலேவி எழுதினார். சமயம் மாறிய அரசனையே தலைவனாகக் கொண்ட நூல் அவ்வரசனையே ஒருபடி கீழே நிறுத்துகின்றது.

குலமா கொள்கையா என்னும் இப்போராட்டம் ஏட்டளவில் நில்லாது வாழ்வில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதற்குத் தமிழகத்துக்கு அணித்தான கொச்சியே தக்க சான்று. யோசேப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்குப் பாஸ்கர இரவிவர்மன் கி.பி. 1000 ஐ ஒட்டி வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளமையைச் சாசனம் பயில்வோர் அறிவர். 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து புதிதாக யூதர் வந்து குடியேறினர். 1568 இல் மட்டாஞ்சேரியில் அவர்கள் எழுப்பியது 'பரதேசி ஜெபாலயம்'. வந்தேறிய இவர்கள் தம்மை வெள்ளை யூதர் என்றனர். முன்பிருந்தோரைக் கறுப்பு யூதர் என்றனர். யூதரிடம் அடிமையாயிருந்து, விதிப்படி சமயத்திற் சேர்க்கப்பட்டு, விடுதலை பெற்றோரும் அவர் மரபினரும் மூன்றாவது பிரிவினராயினர். யூத நீதிப்படி இவ்வாறு விடுதலை பெற்றவன் முழு யூதன். ஐயமெழுந்தபோது 16 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கெய்ரோ நகரத்து ரபி தாவீது இப்னு சிம்ராவிடம் வினா விடுக்கப்பட்டது. முறைப்படி நீரில் மூழ்கியபின் அவர்களோடு மணவுறவு கொள்ளத் தடையில்லை என அவர் தீர்ப்பளித்தார்.

தீர்ப்பு வந்தது, ஊர் வழக்கம் மாறவில்லை. சூழ இருந்த சாதிமுறை ஜெபாலயத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. விடுதலை பெற்றோரின் வழிவந்தோர் பரதேசி ஜெபாலயத்திலே தரையில் அமர்ந்தனர். தோராவை வாசிக்க அழைக்கப்பட்டிலர். மற்றோருடன் மணஞ்செய்யவும் பெற்றிலர். தோரா எவனைப் பேணுமாறு பன்முறை பணித்ததோ அவன் பெயராகிய பரதேசி என்னும் பெயரைத் தாங்கிய கூடத்திலேயே இது நிகழ்ந்தது. இவ்வகுப்பில் 1882 இற் பிறந்து, சட்டம் பயின்று வழக்கறிஞரான ஏ. பி. சலேம், காந்தியடிகளின் அறப்போர் முறையைப் பின்பற்றி ஜெபாலயத்தினுள்ளேயே அமர்ந்து எதிர்ப்புக் காட்டினார். அவரை 'யூத காந்தி' எனவும் வழங்கினர். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. எனினும் 1950 இல் அவருடைய மகன் வெள்ளை யூதப் பெண்ணொருத்தியை மணந்தபோது, மணவினையைக் கொச்சியில் நடத்த இயலாது பம்பாய்க்குச் செல்லவேண்டியதாயிற்று. சலேம் 1967 இல் காலமானார். அதற்குள் கொச்சி யூதரிற் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்திருந்தனர்.

ஐரோப்பாவில் அச்சமே வழக்கமாய் உறைந்தது. 1539 இல் கிராக்கோ நகரத்தில் கத்தரீனா வைகல் என்னும் முதியவள் யூத நம்பிக்கையைத் தழுவினாள் என எரிக்கப்பட்டாள். அந்நூற்றாண்டில் போலந்தில் வாழ்ந்த ரபி சாலமோன் லூரியா, பிறர் நாட்டில் அரசாணைக்கு மாறாக எவரையும் சேர்த்தல் தகாது, அது சமூகம் முழுவதற்கும் கேடாகும் என எழுதினார். இலண்டனில் யூதர் சேர விரும்பியோரை ஒல்லாந்துக்கு அனுப்பிவந்தனர். ஜோர்ஜ் கோர்டன் பிரபு இலண்டனில் மறுக்கப்பட்டு, 1787 இல் பேர்மிங்காமில் யூதரானார். வெளியார் இட்ட தடை தலைமுறைகள் கழியத் தம் சமயக் கொள்கையே எனப் பலரும் நம்பும் நிலை வந்தது. 1935 இல் நியூயோர்க்கில் வாழ்ந்த சிரிய யூதர் கலப்பு மணத்துக்கு அஞ்சித் தம் சமூகத்துள் இவ்வாறு சேர்ந்தோரை ஏற்பதில்லை எனத் தாமே கட்டுப்பாடு செய்தனர். அங்கே வாளேந்திய அரசன் எவனும் இல்லை.

மறுபுறத்தில் அனனியாவின் குரலும் மீண்டும் எழுந்தது. அமெரிக்கச் சீர்திருத்த ரபிமார் 1892 இல், சேர்வோர்க்கு விருத்தசேதனம் இன்றியமையாததன்று எனத் தீர்மானித்தனர். 1978 இல் அப்பிரிவின் தலைவர் அலெக்சாந்தர் சிண்டிலர், வருவோரை எதிர்கொண்டு அழைத்தல் வேண்டும் என வெளிப்படையாகவே கூறினார். பழைய நெறியினருள்ளும் 1939 முதல் 1953 வரை தலைமை ரபியாயிருந்த ஊசியேல், யூதரோடு மணவாழ்வு கொண்டவர் சேர வருங்கால் அவரைத் தள்ளிவிடாது ஏற்றலே கடன் எனத் தீர்ப்பளித்தார்.

எவரும் அழையாமலே வந்தோரின் வரலாறு தெற்கு இத்தாலியிலுள்ள சான் நிக்காந்திரோ ஊரினது. முதல் உலகப்போரில் உடற்குறை எய்திய தொனாத்தோ மந்தூசியோ என்னும் ஏழை, எவரிடமும் பாடங் கேளாது, 1930 ஐ ஒட்டிப் பழைய ஏற்பாட்டைத் தானே வாசித்து யூத நெறியை மேற்கொண்டான். யூதர் பூண்டற்றுப் போயினர் என்றே அவன் எண்ணியிருந்தான். அயலார் சிலரும் அவனைச் சேர்ந்தனர். உரோமில் யூதர் உளர் எனக் கேள்வியுற்று அவன் எழுதிய மடலைத் தலைமை ரபி முதலிற் பொருட்படுத்தவில்லை. 1938 இல் இத்தாலியில் யூதருக்கெதிரான இனச் சட்டங்கள் வந்தன. யூதராய்ப் பிறந்தோர் பலர் மறைந்து வாழ முயன்ற அக்காலத்திலும் இவ்வுழவர் தம் கோரிக்கையை விட்டிலர். 1946 இல் அவர்கள் விருத்தசேதனம் பெற்றனர். மந்தூசியோ 1948 இல் இறந்தான். அடுத்த ஆண்டு மற்றோரிற் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றனர். யெபாமோத்தில் விதித்த அவ்வினா, இஸ்ரவேலர் படும் துன்பத்தை அறியாயோ என்பது, இவர்களிடம் கேட்கப்படவேண்டிய தேவை இருந்ததாகத் தோன்றவில்லை.

1948 இல் இஸ்ரேல் அரசு தோன்றியபின் வினா சட்டமன்றத்துக்குச் சென்றது. 1950 இல் இயற்றப்பட்ட மீள்வருகைச் சட்டம் யூதர் யாவர்க்கும் அந்நாட்டில் வந்து குடியேறும் உரிமை அளித்தது. யூதர் யார் என அது வரையறுக்கவில்லை. 1970 இல் செய்யப்பட்ட திருத்தம், யூதத் தாய்க்குப் பிறந்தவரும் சமயத்திற் சேர்ந்தவரும் வேறு சமயத்தைச் சாராதவராயின் யூதராவர் என்றது. எவர் சேர்த்தாற் செல்லும் என்பதை அத்திருத்தமும் சொல்லாது விட்டது. 1990 களில் பழைய சோவியத் நாடுகளிலிருந்து வந்த பத்து இலட்சம் அளவினருள், தந்தைவழி மாத்திரம் யூதராயினோர் பல்லாயிரவர். அவர்கள் படையிற் சேவை செய்தனர், எபிரேயம் பேசினர், ஆயினும் ரபிமாரின் ஏட்டில் யூதரல்லர். அத்தகையோர்க்கென அரசே அமைத்த மன்றங்கள் சேர்த்தவர்களையும், 2008 இல் உயர் சமய நீதிமன்றம் ஐயத்துக்குரியவராக்கியது. ஆண்டுகள் பல கழிந்தபின், மணந்து பிள்ளை பெற்ற பெண்கள், நீர் யூதரல்லீர் எனக் கேட்க நேர்ந்தது. 2012 இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

2021 மார்ச் 1 ஆம் நாள், ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் நிலுவையிலிருந்த வழக்கில், இஸ்ரேலிலேயே சீர்திருத்தப் பிரிவினரும் பழமைபேண் பிரிவினரும் சேர்த்தவர்களும் குடியுரிமையின்பொருட்டு யூதராவர் என உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மருள் எண்மர் தீர்த்தனர். திருமணப் பதிவு தலைமை ரபியகத்தின் கையிலேயே இருந்தது. ஆதலின் அவ்வாறு சேர்ந்த ஒருவர் குடியகல்வு அலுவலகத்தில் யூதர், மணமேடையில் யூதரல்லர். அவர் அன்று மாலை வழிபாட்டுக்குச் செல்லின், மைமோனிதீஸ் கூறியவாறே 'எம் முன்னோர்' என்று சொல்வதைத் தடுப்பார் எவருமில்லை.